பளபளப்புக்கு அடியில் இருக்கும் இரும்பு: புதுப்பித்த டெய்ம்லர் லிமோசினுக்கு விலை பேசுவது எப்படி?

பழைய பிரிட்டிஷ் லிமோசின் ஒன்று 'முழுமையாகப் புதுப்பித்தது' என்ற அடைமொழியோடு விற்பனைக்கு வரும்போது, பார்க்கப் போனவரின் கண் முதலில் பெயிண்டில் விழும். அடுத்து கதவைத் திறந்து பின்னால் ஏறி உட்கார்ந்து, தோல் இருக்கையைத் தடவி, வார்னிஷ் மின்னும் மரப் பலகையைப் பார்ப்பார். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். விற்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பணம் போடும்போது அந்த இரண்டு இடங்களில் கைதாராளமாகப் போடுகிறார். இந்த அத்தியாயத்தின் வாதம் இதற்கு நேர் எதிரானது. லிமோசினின் விலையை நிர்ணயிக்க வேண்டியது, விற்பவர் செலவழிக்கத் தூண்டுதலே இல்லாத பகுதிகள்தான்: கதவுக்கு அடியில் ஓடும் சில், தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின்சக்கரத் தொகுதி பாடியோடு சேரும் முனைகள். அங்கே நடந்த வேலைக்குச் சான்று இருந்தால் புதுப்பித்த வண்டியின் விலையைக் கொடுக்கலாம். சான்று இல்லையென்றால், பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும் அதைப் புதுப்பிக்காத வண்டியாகவே எண்ணி விலை பேச வேண்டும்.

எடுத்துக்காட்டாக டெய்ம்லர் டி.எஸ்.420 வண்டியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் விற்பனைக்கு வரும் பழைய லிமோசின்களில் எளிதாகக் கண்ணில் படுவது இதுதான். 1896-இல் தொடங்கிய டெய்ம்லர் நிறுவனம் 1910-இல் பி.எஸ்.ஏ. குழுமத்திடமும், 1960-இல் ஜாகுவாரிடமும் போய்ச் சேர்ந்தது. 1968-இல் வெளிவந்த டி.எஸ்.420, பழைய டெய்ம்லர் மெஜஸ்டிக் மேஜர் லிமோசினின் இடத்தையும் வாண்டன் பிளாஸ் பிரின்சஸ் லிமோசினின் இடத்தையும் ஒருசேர நிரப்பியது. ஜாகுவார் 420ஜி காரின் தரைத்தளத்தை 21 அங்குலம், அதாவது அரை மீட்டருக்குச் சற்று மேல், நீட்டி இதைக் கட்டினார்கள். 1979 வரை லண்டனின் கிங்ஸ்பரியில் இருந்த வாண்டன் பிளாஸ் பட்டறையிலும், பிறகு கோவென்ட்ரியில் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலையிலும் வேலை நடந்தது. 1992-இல் உற்பத்தி நிற்கும்வரை நாலாயிரத்துச் சொச்சம் லிமோசின்கள் வெளிவந்தன. சவ ஊர்தி கட்டுவோருக்கு வெறும் அடித்தளமாகவும் பல நூறு விற்றன. ராணி எலிசபெத்தின் தாயார் பயன்படுத்தியதும் இந்த வகைதான். ஆனால் அரண்மனைக்குப் போனவை சொற்பம். பெரும்பாலானவை இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்களிடமும், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோரிடமும், பெரிய ஹோட்டல்களிடமும், நகர மேயர் அலுவலகங்களிடமும் உழைத்தவை.

இந்த வரலாற்றில் வாங்குபவர் மறக்கக் கூடாத செய்திகள் இரண்டு. முதலாவது, இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. தரையும் சில்லும் பாடியும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே முழு எடையையும் தாங்குகிறது. 5.74 மீட்டர் நீளமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒன்றை, நடுவில் நீட்டப்பட்ட ஒரு தரை தாங்கி நிற்கிறது. ஆகவே சில்லில் பிடிக்கும் துரு அழகுக் குறை என்பதோடு நிற்காது. அது தூணில் விழுந்த ஓட்டை. இரண்டாவது, இன்ஜினும் ஓடும் பாகங்களும் ஜாகுவாருடையவை. 1948-இல் எக்ஸ்.கே.120 காரோடு அறிமுகமான எக்ஸ்.கே. ஆறு சிலிண்டர் இன்ஜினின் 4.2 லிட்டர் வடிவமே இதில் இருக்கிறது. ஜாகுவாரின் இ-டைப்பிலும் எக்ஸ்.ஜே.6-இலும் ஓடியது அதே இன்ஜின் குடும்பம். அதனால் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களை இன்றைக்கும் வாங்கலாம். வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். நீண்ட பின்கதவு, கண்ணாடிகள், கூரைத் தகடு, ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் இடையே ஏறி இறங்கும் தடுப்புக் கண்ணாடி ஆகியவையோ லிமோசினுக்கே உரியவை. அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், ஓடும் பாகத்தின் கோளாறு பணத்தால் தீரும். பாடியின் கோளாறு பணத்தையும் வருடத்தையும் சேர்த்து விழுங்கும்.

இனி சந்தைக் கணக்கு. ஒரு வண்டியைத் தகடு வரை உரித்து, அழுகிய இரும்பை வெட்டி எறிந்து, புதுத் தகடு பற்றவைத்து, பெயிண்ட் அடித்து, குஷன் வேலை முடிக்க ஆகும் கூலி வண்டியின் அளவைப் பொறுத்தே ஏறும். இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைவிட லிமோசினில் தகடும் அதிகம், தோலும் அதிகம், வேலை நாளும் அதிகம். விற்கும்போது கிடைக்கும் விலையோ தலைகீழ். இ-டைப்புக்குக் காத்திருக்கும் கூட்டம் இதற்கு இல்லை. வழக்கமான வீட்டு கராஜுக்குள் நுழையாத நீளம், லிட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்ற பெட்ரோல் பசி, சவ ஊர்வலத்தை நினைவூட்டும் தோற்றம் என்று வாங்குபவரைத் தயங்க வைக்கும் காரணங்கள் பல. எனவே ஒழுங்காகப் புதுப்பிப்பவர் போட்ட பணத்தைத் திரும்பப் பார்ப்பது அபூர்வம். இதிலிருந்து இரண்டு விளைவுகள். உண்மையாகவே ஆசைப்பட்டுச் செய்த ஒருவரிடமிருந்து வாங்கினால், வேலைக்கு ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கு அந்த வேலை உங்களுக்கு வந்து சேரும். விற்பதற்கென்றே செய்த ஒருவரிடமிருந்து வாங்கினால், அவர் மிச்சம் பிடித்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடமாகவே இருக்கும். இரண்டு வண்டிகளும் விளம்பரப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் பிரித்தறிவதுதான் வாங்குபவரின் வேலை.

விளம்பர வாசகங்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். 'புதுப் பெயிண்ட்' என்றால் புதுப் பெயிண்ட், அதற்குமேல் ஒன்றுமில்லை. 'வெறும் தகடு வரை உரித்து அடித்தது' என்றால், உரித்த நிலையில் எடுத்த படம் இருக்க வேண்டும். இவ்வளவு வேலை செய்தவர் படம் எடுக்காமல் விடமாட்டார். 'தேவையான இடத்தில் வெல்டிங் செய்தது' என்பது எங்கே, எவ்வளவு, பழைய தகட்டை வெட்டியா அதன்மேல் ஒட்டுப் போட்டா என்ற மூன்று கேள்விகளை மறைக்கும் வாசகம். 'செலவைப் பாராமல் செய்தது' என்பவரிடம் அந்தச் செலவின் ரசீதைக் கேட்பதில் தவறில்லை. 'சிறு வேலைகள் பாக்கி' என்று இருந்தால் அந்தச் சிறு வேலையை விற்பவரே ஏன் முடிக்கவில்லை என்று யோசிக்க வேண்டும். சிறு வேலை பெரும்பாலும் பெரிய வேலையின் நுனி. விளம்பரம் எதை நீட்டி முழக்குகிறது என்பதைவிட, எதைப் பற்றி மூச்சே விடவில்லை என்பது பயனுள்ள தகவல். இருபது வரியில் இருக்கையின் தோலையும் மினி பாரையும் விவரித்துவிட்டு, சில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் அங்கிருந்துதான் விசாரணையைத் தொடங்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது ஈரமில்லாத நாளாக, பகல் வெளிச்சமாக இருக்கட்டும். நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், நல்ல டார்ச், பழைய உடுப்பு போதும். சில்லின் அடிவிளிம்பு, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவின் உதடு, பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி என்று காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடி தளரும். ஒரு எச்சரிக்கை: தகடுகள் சேரும் இடத்தை ஈயம் பூசி மட்டப்படுத்துவது அக்கால பிரிட்டிஷ் பாடிக் கட்டுமானத்தில் வழக்கம், ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். இருபுறமும் ஒரே இடத்தில் பிடி தளர்ந்தால் ஆலை வேலையாக இருக்கலாம். ஒருபுறம் மட்டும் என்றால் அது பிற்காலப் பட்டி. பிறகு வண்டிக்கு அடியில் போக வேண்டும். சில்லில் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா, புதிதாகப் பூசிய கருந்தார் அவற்றை அடைத்திருக்கிறதா? பின்சக்கரத் தொகுதியை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தண்டு தரைத்தகட்டோடு சேரும் இடம் உறுதியாக இருக்கிறதா? ஜாகுவார் குடும்பக் கார்கள் பலவற்றில் துரு பிடித்து வலுவிழக்கும் இடம் அது. பெட்ரோல் டேங்க் இரண்டு; பின் மட்கார்டுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். டேங்கைச் சுற்றிய தகட்டிலும் டிக்கித் தரையிலும் சேறும் ஈரமும் தங்கும்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசும் சோதனை ஒன்று உண்டு. விற்பவரின் அனுமதியோடு, அதற்கென அமைந்த இடத்தில் ஜாக்கி வைத்து ஒருபக்கத்தைச் சற்றே உயர்த்தச் சொல்லுங்கள். அந்த நேரம் வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. உயர்ந்த பக்கத்தின் பின்கதவைத் திறந்து மூடுங்கள். கூடு உறுதியாக இருந்தால் கதவு முன்போலவே பொருந்தும். கதவு தூணில் உரசினால், மேல் இடைவெளி ஆப்பு வடிவில் விரிந்தால், தாழ் எட்டாமல் போனால், நடுப்பகுதி தொய்கிறது என்று பொருள். ஜாக்கியின் தலையே தகட்டுக்குள் அமுங்குமானால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. இந்தச் சோதனைக்கு விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இரும்பு சொன்னதைத் தாளோடு ஒத்துப் பார்ப்பது அடுத்த படி. நம்மூர் ஆர்.சி. புத்தகம் போல பிரிட்டனில் வி5சி என்ற பதிவுப் பத்திரம் உண்டு. அதிலுள்ள சேஸி எண் வண்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், ஆலைப் பதிவேட்டின்படி வண்டி எந்த எண்ணோடு, எந்த நிறத்தில் வெளியேறியது என்று சான்றிதழ் தருகிறது. இவை இரண்டும் அடையாளத்துக்கு. நிலைமைக்குச் சான்று சொல்வது எம்.ஓ.டி. எனப்படும் தகுதிச் சோதனையின் வரலாறு. 2005 முதலான முடிவுகளைப் பதிவெண்ணை வைத்து யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து இந்தச் சோதனை கட்டாயமில்லை. அதற்கு முன்பு 1970களின் வண்டிக்கும் கட்டாயம். ஆகவே தொடர்ந்து சாலையில் ஓடிய வண்டி என்றால் பதின்மூன்று ஆண்டுக் குறிப்பு இருக்க வேண்டும். 'வலப்புறச் சில் அரிப்பு' என்று சோதனையாளர் எழுதி வந்த இடம், விற்பவர் காட்டும் வெல்டிங் படத்தில் இருக்கிறதா? இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. அந்த இடத்தைப் பற்றிப் படமும் இல்லை, ரசீதும் இல்லை, ஆனால் பெயிண்ட் மட்டும் புதிது என்றால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கட்டாயம் இல்லாதபோதும் தானாகவே ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோன உரிமையாளரை நம்பக் கூடுதல் காரணம் உண்டு.

இன்ஜினை இரண்டாம் இடத்தில் வைப்பதால் அதைப் பார்க்கவே வேண்டாம் என்று பொருளில்லை. நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எண்ணெய் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவில் நின்றால் நல்லது. பின்பக்கச் சீல் வழியாக ஓரிரு சொட்டு எண்ணெய் கசிவது இந்தக் குடும்ப இன்ஜினின் பிறவிக்குணம். அதற்காகப் பதற வேண்டாம். பயப்பட வேண்டியது சூட்டுக்கு. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த அமைப்பு இது. துருத்தடுப்புத் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் ஹெட்டின் நீர்வழிகள் அரிக்கும், பிளாக்கில் துருச்சேறு தேங்கும், முற்றினால் சிலிண்டர்களுக்கு இடையில் விரிசலும் விடும். லிமோசினின் பிழைப்பே ஊர்வல வேகமும் வாசலில் நின்றபடி இரைவதும்தான். ஆகவே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதைவிட, இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு வெப்பமானியின் முள்ளைக் கவனிப்பது மேலான சோதனை. மற்றொன்று பின் பிரேக். அதன் டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லாமல் உள்ளே, டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சீல் கசிந்து எண்ணெய் பட்டால் பிரேக் மழுங்கும். முறையாகச் சரிசெய்யப் பின்சக்கரத் தொகுதியையே கீழே இறக்க நேரிடும். கை எட்டாத இடம் என்பதாலேயே அரைகுறைப் புதுப்பிப்பில் விடுபடுவதும் இதுதான். 'பிரேக் வேலை முடித்தது' என்று சொன்னால், முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள்.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளையும் பார்த்துவிட வேண்டும். வாடகைக்கு உழைத்த வண்டி எப்படியும் தேய்ந்ததுதானே, அதில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். உழைத்தது உண்மை. ஆனால் சவ ஊர்வலத்தின் நடுவில் வண்டி நின்றுபோவதை எந்த நிறுவனமும் தாங்காது. அதனால் பராமரிப்பு பெரும்பாலும் நாள் தவறாமல் நடந்தது. நிறுவனம் விற்ற பிறகு, கொல்லையில் மழையில் நின்ற வருடங்களே பாடியைத் தின்றவை. ஓடிய தூரத்தைவிட நின்ற காலம் ஆபத்தானது. புதுப்பித்ததைவிடக் கைபடாத அசல் வண்டியே மேல் என்பது இன்னொரு வாதம். உலர்ந்த கட்டடத்துக்குள் பாதுகாத்த வண்டி கிடைத்தால் அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் பழசின் அழகு தோலிலும் மரத்திலும் இருக்கலாம். எடை தாங்கும் தகட்டில் துருவுக்கு அழகு கிடையாது. அசல் என்ற பெயரில் அழுகிய சில்லுக்கு விலை கொடுப்பதும் ஏமாற்றம்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது: படமும் ரசீதும் போலியாக இருக்கலாமே? இருக்கலாம். அதனால்தான் தாளைத் தனியாக நம்பச் சொல்லவில்லை. தாளும் இரும்பும் சோதனை வரலாறும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறோம். படத்தில் பதிவெண்ணோ சேஸி எண்ணோ தெரிகிறதா, ரசீதின் தேதி சோதனைத் தேதிகளோடு ஒத்துப்போகிறதா, வேலை செய்த பட்டறை இன்னும் இயங்கினால் அவர்கள் வண்டியை நினைவு வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்கலாம். ஒன்றைப் போலியாகச் செய்பவரால் மூன்றையும் ஒத்திசைய வைப்பது கடினம். இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு நிபுணரை அனுப்பினால் போதாதா என்றால், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் மூடிய சில்லுக்குள் இருப்பதை நிபுணராலும் ஊடுருவிப் பார்க்க முடியாது. கேள்விகளை முன்பே திரட்டிக் கையில் கொடுத்தால் அவருடைய ஒருநாள் உழைப்புக்கு இரட்டிப்புப் பயன் கிடைக்கும்.

வாங்கும் வழியும் சட்டமும் விலையைத் தொடும். பிரிட்டனில் வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏலத்திலும் பெரும்பாலும் கண்டது கண்டபடியே. ஏலத்தில் கூவிய தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் சேரும். 40 வயதுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சாலை வரி விலக்குப் பெறலாம். ஆனால் வாடகைக்கோ தொழிலுக்கோ ஓட்டினால் அந்த விலக்கு கிடையாது. கல்யாண வாடகையில் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர், அந்தக் கணக்கில் வரியையும் தொழில்முறைக் காப்பீட்டையும் சேர்க்க வேண்டும். பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் அங்கே 2021 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும் என்பதால், குழாய் மாற்றியதற்கான ரசீதும் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை பேசும் நேரத்தில் மூன்று தொகைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, இதே ஆண்டு, இதே வகை, புதுப்பிக்காமல் ஓடும் நிலையில் உள்ள வண்டி என்ன விலைக்குப் போகிறது என்பது. இரண்டாவது, தாளும் இரும்பும் பொருந்தி உறுதியான பாடி வேலைக்கு நீங்கள் தரத் தயாராக உள்ள கூடுதல். மூன்றாவது, தோல், மரம், பெயிண்ட் ஆகியவற்றுக்கான கூடுதல். மூன்றாவது எப்போதும் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கட்டும். பாடிக்குச் சான்று இல்லாதபோது இரண்டாவது தொகை பூஜ்யம். அப்போது மூன்றாவதையும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஏனென்றால் சில்லை வெட்டும் நாளில் அந்தப் பெயிண்டும் கூடவே போகும். இந்தக் கணக்கை விற்பவரிடம் மறைக்க வேண்டிய அவசியமில்லை, அப்படியே காட்டலாம். ஒழுங்காக வேலை செய்தவர் கோபப்பட மாட்டார். உள்ளே போய்ப் படக்கோப்பை எடுத்துவந்து, எந்த ரசீது எந்தத் தகட்டுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டி, இரண்டாவது தொகையை ஏற்றச் சொல்லிப் பேசுவார். அவர் கேட்பது நியாயம், ஏற்றிக் கொடுங்கள்.